பிரசர் கூடிய கர்ப்பமும் சிசேரியனும்: யாழ்ப்பாணத்துத் தாய்மாரும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவ விடுதியில் முப்பது ஆண்டுக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஓய்வு என்பது பெயருக்குத்தான். கோயில் வீதியிலும் கல்யாண வீட்டிலும், ஏன், சந்தையில் மீன் விலை பேசும்போதும் யாராவது கையைப் பிடித்து நிறுத்துவார்கள். "அக்கா, மகளுக்குப் பிரசராம். வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம். உயிருக்கு ஒன்றும் இல்லையே?" திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். உங்களைச் சோதித்துப் பார்த்த வைத்தியரின் சொல்லுக்கு இது மாற்று ஆகாது. அவர் அவசரத்தில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போனதை விளங்கிக்கொள்ள உதவினால் போதும்.

பிரசர் கொஞ்சம் கூட என்கிறார்கள். 'கடும் முன்சூல்வலிப்பு' என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. கர்ப்பம் 20 வாரம் கடந்த பிறகு குருதியமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது கர்ப்பகாலப் பிரசர். அதோடு சிறுநீரில் புரதம் போனாலோ, ஈரல், சிறுநீரகம், மூளை, குருதி ஆகியவற்றில் ஒன்று பழுதுபடும் அடையாளம் தெரிந்தாலோ முன்சூல்வலிப்பு என்கிறோம். 160/110ஐத் தொட்டால் கடுமையானது.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. விடாத தலையிடி, கண் முன்னே மின்னல் அடிப்பது போலவோ பூச்சி பறப்பது போலவோ தெரிதல், நெஞ்சுக்குழியில் அல்லது வலப்பக்க விலாவுக்குக் கீழே நோவு, படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவையும் 'கடும்' என்ற சொல்லுக்குள் அடங்கும். குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகள் (பிளேற்லெற்) ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவதும் அப்படித்தான். நெஞ்சுக்குழி நோவை 'வாய்வு' என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்து இரவைக் கடத்திய வீடுகள் எத்தனையோ. ஏழு மாதக் கர்ப்பவதிக்கு அந்த இடத்தில் நோவு வந்தால் இஞ்சியைத் தேடாதீர்கள், வாகனத்தைத் தேடுங்கள்.

மருந்தால் பிரசரைக் குறைத்துவிட்டுப் பத்து மாதமும் காத்திருக்க முடியாதா?

நோயின் வேர் இளங்கொடியில், அதாவது கருப்பைச் சுவரில் ஒட்டியிருந்து பிள்ளைக்கு ஊட்டம் கொடுக்கும் நஞ்சுக்கொடியில், இருக்கிறது. அது கருப்பைச் சுவரில் சரியாக வேர்பிடிக்காதபோது அதற்குப் போகும் குருதிக்குழாய்கள் ஒடுங்கியே நிற்கின்றன. குருதி போதாமல் தவிக்கும் இளங்கொடியிலிருந்து வெளியாகும் பொருட்கள் தாயின் உடம்பெங்கும் உள்ள குருதிக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. நிபெடிப்பின், லபெற்றலோல் போன்ற மருந்துகள் பிரசரை இறக்கி மூளையில் குருதி கசியாமல் காக்கும். வேரைத் தொடாது. இளங்கொடி வெளியே வந்தால்தான் நோய் ஆறத் தொடங்கும்.

ஆகவே 34 வாரம் கடந்த கடும் நோயில் பொதுவாகக் காத்திருப்பதில்லை. அதற்கு முன் என்றால் தாயும் பிள்ளையும் தாக்குப்பிடிக்கும்வரை, விடுதியில் வைத்து, நாளுக்கு நாள் குருதி பரிசோதித்துக் காத்திருப்பார்கள். வலிப்பு வந்தாலோ, பிரசர் மருந்துக்கு அடங்காவிட்டாலோ, சிறுதட்டுகள் சரசரவென இறங்கினாலோ அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியானால் கட்டாயம் சிசேரியன்தானா? கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு இதே நோய், ஆனால் சாதாரணமாகப் பெற்றாளாம்.

மச்சாள் சொல்வது நடக்கக்கூடியதுதான். இங்கும் நடக்கிறது. கடும் முன்சூல்வலிப்பு என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிள்ளை தலைகீழாக இருந்து, அதன் இதயத்துடிப்பு நன்றாக இருந்து, தாயின் நிலையும் சில மணி நேரம் பொறுக்கும் என்றால், வலியைத் தூண்டிப் பெறவைப்பதே பல நேரம் தாய்க்கு நல்லது. வெட்டு இல்லை, குருதியிழப்புக் குறைவு, எழுந்து நடப்பதும் விரைவு.

எத்தனை வாரம் என்பதில்தான் விடயம் இருக்கிறது. 28 வாரத்துக்கு முன் கருப்பை வாய் பச்சைக் காய் போல இறுகியிருக்கும். எவ்வளவு தூண்டினாலும் பெரும்பாலும் சிசேரியனில்தான் போய் முடியும். 32 வாரம் தாண்டினால் பாதிக்கு மேற்பட்டோர் சாதாரணமாகப் பெற்றுவிடுகிறார்கள். இளங்கொடி முன்கூட்டியே பிரிந்து குருதி போனால், பிள்ளையின் துடிப்பு விழுந்தால், பிள்ளை குறுக்கே கிடந்தால் பேச்சுக்கு இடமில்லை, அறுவைதான்.

எனவே மச்சாளின் கதையோடு உங்கள் கதையை ஒப்பிடுவதை விட்டுவிட்டு வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "வலியைத் தூண்டிப் பார்க்க நேரம் இருக்கிறதா? இல்லையென்றால் அவசரம் எனக்கா, பிள்ளைக்கா?" இந்தக் கேள்விக்குக் கோபப்பட்ட வைத்தியரை நான் கண்டதில்லை.

சிசேரியனால் தாய்க்கு என்னென்ன ஆபத்து?

எல்லாச் சிசேரியனுக்கும் உள்ள ஆபத்துகள் இந்த நோயுள்ள தாய்க்கும் உண்டு. அவை இவளுக்கு ஏன் இரட்டிப்பாகின்றன என்பதைத்தான் பலர் சொல்வதில்லை.

முதலில் குருதி. சாதாரணக் கர்ப்பத்தில் தாயின் உடம்பில் குருதியின் அளவு ஏறத்தாழ 40 வீதத்துக்கு மேல் கூடிவிடும். பிரசவத்தில் அரை லீற்றர், ஒரு லீற்றர் போனாலும் உடம்பு தாங்குவதற்கு அந்தச் சேமிப்புத்தான் காரணம். கடும் முன்சூல்வலிப்பில் அந்தச் சேமிப்பு நிரம்புவதே இல்லை. வங்கியில் பணமில்லாதவர் வீட்டில் கல்யாணச் செலவு வந்தது போல, மற்றவர் தாங்கும் இழப்பை இவள் தாங்கமாட்டாள். சிறுதட்டுகளும் குறைந்திருந்தால் வெட்டிய இடத்திலிருந்து கசிவு நிற்காது. 50,000க்குக் கீழே என்றால் அறுவைக்கு முன்போ அறுவையின்போதோ சிறுதட்டு ஏற்றுவார்கள். குருதி வங்கியிலிருந்து பை வரும்வரை அறுவைக்கூடத்துக்குள் தாயை எடுக்காமல் வைத்திருந்தால் வெளியே நின்று சத்தம் போடாதீர்கள். அந்தக் காத்திருப்பு அவளுக்காகத்தான். கருப்பை சுருங்குவதற்குப் போடும் எர்கோமெற்றின் ஊசியை இவளுக்குத் தவிர்ப்பார்கள், அது பிரசரை ஏற்றிவிடும். அதற்குப் பதிலாக ஒக்சிற்றோசினை மெதுவாகக் கொடுப்பார்கள்.

இரண்டாவது நுரையீரல். குருதிக்குழாய்கள் ஒழுகும் பானை போல ஆகிவிட்டதால், சேலைனைத் தாராளமாக ஏற்றினால் அது நுரையீரலில் போய்த் தேங்கும். கை கால் வீங்கி, சிறுநீர் குறைந்து கிடக்கும் மகளுக்கு "ஒரு சேலைன்கூடப் போடாமல் வைத்திருக்கிறார்களே" என்று அம்மா அழுவார். மணிக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றருக்கு மேல் போகாமல் சொட்டை எண்ணி விடுவதுதான் அங்கே வைத்தியம்.

மூன்றாவது குருதி உறைதல். முன்சூல்வலிப்பே குருதி உறையும் தன்மையைக் கூட்டும், அறுவை அதைக் கூட்டும், படுக்கை மேலும் கூட்டும். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிராபத்து. அதனால்தான் அடிவயிற்றுத் தோலில் ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறார்கள், மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். "வெட்டிய உடம்பு, மூன்று நாள் அசையக் கூடாது" என்று கட்டிலோடு வைத்திருக்கும் மாமியாரின் அன்பு இந்த இடத்தில் ஆபத்தானது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் வந்தால், அல்லது திடீரென மூச்சு வாங்கினால், ஆறு வாரம் வரைக்கும் அதைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது.

தொற்று, காயம் சீழ் பிடித்தல், சிறுநீர்ப்பை காயப்படுதல் ஆகியவை எல்லாச் சிசேரியனிலும் உள்ளவை. வெட்டுவதற்கு முன் கொடுக்கும் அன்டிபயோட்டிக் ஊசி தொற்றைப் பெரிதும் குறைக்கிறது.

முதுகில் ஊசி போடுவதா, முழு மயக்கமா? முதுகில் போட்டால் ஆயுளுக்கும் நாரி நோவாமே?

நாரி நோவு கர்ப்பத்தின் சொத்து. ஊசி போடாத தாய்மாருக்கும் வருகிறது, ஊசி போட்டவர்களுக்கு அதைவிட அதிகமாக வருவதில்லை. சிலருக்குச் சில நாள் தலையிடி வரும். எழுந்தால் கூடி, படுத்தால் குறையும். அதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் பிரசர் தலையிடியையும் அதையும் பிரித்தறிய வேண்டும்.

இந்த நோயில் முதுகு ஊசியே பெரும்பாலும் பாதுகாப்பு. முழு மயக்கத்துக்குத் தொண்டைக்குள் குழாய் விட வேண்டும். உடம்பு வீங்கியவளுக்குத் தொண்டையும் வீங்கியிருக்கும், குழாய் சிரமப்பட்டுத்தான் போகும். விடும் அந்த நொடியில் பிரசர் எகிறும். மூளையில் குருதி வெடிக்கும் பயம் அங்கேதான். சிறுதட்டுகள் மிகக் குறைந்திருந்தால், ஏறத்தாழ 70,000க்குக் கீழே என்றால், முதுகில் குத்திய இடத்தில் குருதி கட்டி நரம்பை நெரிக்கலாம் என்பதால் முழு மயக்கத்தைத் தெரிவு செய்வார்கள். வலிப்பு வந்து நினைவு திரும்பாதவளுக்கும் அப்படித்தான். இந்த முடிவு மயக்க மருந்து வைத்தியருடையது.

மக்னீசியம் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் எரிந்ததாகச் சொல்கிறாள். பிறகு ஒரு மிஸ் சுத்தியலால் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தாராம். என்ன இது?

சிரிப்பு வருகிறது, அந்த மிஸ் பல ஆண்டுகள் நானாகத்தான் இருந்தேன்.

மக்னீசியம் சல்பேற்று வலிப்பைத் தடுக்கும் மருந்து. 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. வலிப்பு வரும் ஆபத்தை அது பாதியாகக் குறைத்தது. முதலில் 4 கிராம் மெதுவாக நரம்பில் ஏற்றி, பிறகு மணிக்கு 1 கிராம் வீதம், பிள்ளை பிறந்து 24 மணி நேரம்வரை கொடுப்போம். ஏறும்போது முகம் சிவந்து, உடம்பு தீயாய்க் காயும். ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டால் ஆறும், பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அளவு மிஞ்சினால் அதே மருந்து தசைகளைத் தளர்த்தி மூச்சையே நிறுத்திவிடும். மிஞ்சுகிறது என்பதற்கு முதல் அடையாளம் முழங்கால் உதறல் மறைவது. ஆகவே மணிக்கொரு தடவை இரவு விளக்கில் போர்வையை விலக்கி, காலைக் கையில் ஏந்தி, முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு தட்டு. பாதம் சிறிதாக எகிறினால் மனம் குளிரும். பிறகு மூச்சை எண்ணி, கதீற்றர் பையில் இறங்கிய சிறுநீரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அளப்பேன். சிறுநீர் வழியாகத்தான் மருந்து வெளியேற வேண்டும், அது நின்றால் மருந்தையும் நிறுத்த வேண்டும். மக்னீசியத்தை முறிக்கும் கல்சியம் குளுக்கோனேற்று பக்கத்து மேசையில் எப்போதும் இருக்கும். நித்திரையைக் கெடுக்கிறாள் என்று என்னைத் திட்டிய தாய்மார் பலர். அவர்களில் ஒருவரின் மகள் போன வருடம் எனக்குக் கல்யாண அழைப்பிதழ் தந்தாள்.

பிள்ளைக்கு என்ன ஆபத்து?

நோயால் வருவதையும் வெட்டால் வருவதையும் பிரித்துப் பாருங்கள்.

நோயால் வருவதே பெரிது. ஒடுங்கிய இளங்கொடியில் சாப்பாடும் ஒட்சிசனும் குறைந்து பிள்ளை மெலிந்திருக்கும். நேரத்துக்கு முன்பே எடுப்பதால் நுரையீரல் முற்றாமல் மூச்சுத் திணறும், உடல் சூடு நிற்காது, சீனி இறங்கும், தொற்றைத் தாங்காது. மூளையில் குருதிக் கசிவு, குடல் அழற்சி போன்றவை மிகவும் முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு வருபவை. எந்த வழியில் பிறந்தாலும் இந்த ஆபத்துகள் உண்டு. இவற்றைக் குறைக்கத்தான் பிரசவத்துக்கு முன் தாய்க்கு டெக்சாமெதசோன் அல்லது பீற்றாமெதசோன் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி முழுப் பலன் தர ஒரு நாள், இரண்டு நாள் வேண்டும். 'ஊசி போட்டுவிட்டுச் சும்மா வைத்திருக்கிறார்கள்' என்று தோன்றும் அந்த இரண்டு நாளில் பிள்ளையின் நுரையீரல் பழுத்துக்கொண்டிருக்கிறது. மிகக் குறைமாதத்தில், தாய்க்குப் போடும் மக்னீசியம் பிள்ளையின் மூளையையும் ஓரளவு காக்கிறது.

வெட்டால் வருவது சிறிது. வலியே எடுக்காமல் வெட்டி எடுத்த பிள்ளையின் நுரையீரலில் நீர் தங்கி, முதல் ஒரு நாள், இரண்டு நாள் மூச்சு வேகமாக இருக்கும். அபூர்வமாகக் கத்தி தோலில் சிறு கீறல் போடும். மக்னீசியம் நிறைய ஏறிய தாயின் பிள்ளை பிறந்தவுடன் சற்றுத் துவண்டு கிடக்கலாம். துடிப்பு விழுந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தச் சின்ன ஆபத்துகளைக் காட்டித் தாமதிப்பது கணக்குக் கெட்ட வேலை.

சாத்திரியார் வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் என்கிறார். புதன்கிழமை எடுக்கப் போகிறார்களே?

புதன்கிழமை எடுக்கட்டும்.

காலும் முகமும் வீங்கியிருக்கிறது. நீர்முள்ளிக் கஷாயம் கொடுக்கலாமா? உப்பை நிறுத்தலாமா?

வேண்டாம். குருதிக்குழாய்க்குள் ஏற்கெனவே நீர் குறைவு, வெளியேதான் தேங்கிக் கிடக்கிறது. சிறுநீரை வலிந்து போக்கினால் உள்ளே இருப்பதும் வற்றும். உப்பை அடியோடு நிறுத்தி இந்த நோய் நின்றதாகவும் இல்லை. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் தினமும் வேண்டாம், அவ்வளவுதான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது, தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆபத்து முடிந்ததுதானே?

இந்த நம்பிக்கைதான் எனக்கு எப்போதும் பயம். பிள்ளை பிறந்தபின் பிரசர் சற்று இறங்கி, மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் மறுபடி உச்சத்துக்கு ஏறும். வலிப்பு அந்த நாட்களிலும் வரலாம். சிசேரியன் தாய்மார் வீட்டுக்குப் போகும் நாட்களும் அவையே.

எங்கள் ஊரில் ஒரு பெண். பெயர் வேண்டாம், வைத்தியசாலையின் பெயரும் வேண்டாம். பிரசர் குளிசையை எப்படி எடுப்பது என்று யாரும் அவளுக்கு விளங்கச் சொல்லாமலே அனுப்பிவிட்டார்கள். மருந்துத் துண்டில் எழுதியிருந்தது உண்மைதான், ஆனால் ஆங்கிலத்தில். ஐந்தாம் நாள் நான் பார்க்கப் போனபோது அறையின் யன்னலெல்லாம் பூட்டி, தலையில் துணி கட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக்கறி ஊற்றிய சோறு தொடாமல் ஆறிக் கிடந்தது. "பனி பட்டுத் தலையிடி" என்றார் தாயார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள் அவள். பிரசர் கருவியைக் கட்டினேன், 170/110. இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 சுவசெரியவுக்கு அடித்தோம். வழியில் வலிப்பு வரவில்லை என்பது அவளுடைய நல்ல காலம்.

ஆகவே வீட்டுக்கு வந்தபின் குறைந்தது பத்து நாள் பிரசரைப் பார்க்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் வரும் நாளுக்காகக் காத்திருக்காமல், அருகில் கருவி உள்ள இடத்துக்குப் போங்கள். குளிசையை 'இப்போது சுகம்' என்று நிறுத்தாதீர்கள். சரக்குக்கறி தாராளமாகச் சாப்பிடலாம், அது குளிசைக்குப் பதிலாகாது. துண்டில் எழுதியது விளங்காவிட்டால், விளங்கும்வரை விடுதியை விட்டு இறங்காதீர்கள்.

பிரசர் மருந்து எடுத்துக்கொண்டு பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். லபெற்றலோல், நிபெடிப்பின், எனலப்ரில் மூன்றும் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கமாகத் தருபவைதான். தாய் அதிதீவிரப் பிரிவிலும் பிள்ளை குறைமாதப் பிள்ளைகளின் பிரிவிலும் பிரிந்திருந்தால், முதல் சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சிக் கடும்புப்பாலைச் சேர்த்து அனுப்புங்கள். தேக்கரண்டி அளவுதான் வரும். போதும். பிள்ளையின் வயிறும் அந்த அளவுதான்.

நாங்கள் நெடுந்தீவில் இருக்கிறோம். எங்கே, எப்போது போக வேண்டும்?

குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரக் கடல், பிறகு புங்குடுதீவு, வேலணை வழியாகத் தரை. சோளகக் காற்று எழும்பிவிட்டால் கடல் கேட்டுத்தான் படகு. எனவே 140/90 வந்த அன்றே பேச்சைத் தொடங்குங்கள், 160 ஆகும்வரை பார்த்திருக்க வேண்டாம். கடைசி வாரங்களில் நகரப் பக்கம் உறவினர் வீட்டில் வந்து தங்குவது பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

எங்கே என்றால், மகப்பேற்று நிபுணரும் மயக்க மருந்து வைத்தியரும் குருதி வங்கியும் குறைமாதப் பிள்ளைக்கான பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்கு. மந்திகையிலோ தெல்லிப்பழையிலோ சாவகச்சேரியிலோ ஊர்காவற்றுறையிலோ முதலில் காட்டினாலும், மிகக் குறைமாதம் என்றால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படலாம். வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளையைக் கொண்டுபோவது, பிறந்தபின் அம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட எவ்வளவோ மேல். தனியார் இடத்தில் அறை குளிராக இருக்கும், மனம் ஆறுதலாக இருக்கும். இந்த ஒரு நோயில் அவற்றுக்காக இடம் தேடாதீர்கள்.

அடுத்த பிள்ளை பெறலாமா? மறுபடியும் வெட்டத்தான் வேண்டுமா?

பெறலாம். இந்த நோய் மறுபடி வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு. மிக முன்கூட்டியே பிரசவமானவர்களுக்கு அதைவிடக் கூட. இரண்டு ஆண்டாவது இடைவெளி விடுங்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் முன்கதையைச் சொல்லிவிட்டால், 12 வாரத்திலிருந்து சிறு அளவு அஸ்பிரினும், கல்சியமும் கொடுப்பார்கள். இடைவெளிக்குக் கருப்பைக்குள் வைக்கும் லூப் நல்லது. ஈஸ்ட்ரஜன் உள்ள குளிசையைப் பிரசர் இருக்கும்போது எடுக்கக் கூடாது.

வெட்டைப் பற்றி ஒரு விடயம் தெரிந்துகொள்ளுங்கள். தோலில் தெரியும் தழும்பும் உள்ளே கருப்பையில் போட்ட வெட்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்றில்லை. வழக்கமாகக் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டுவார்கள். அப்படியென்றால் அடுத்த முறை சாதாரணப் பிரசவத்துக்கு முயலலாம், தையல் பிரியும் ஆபத்து ஏறத்தாழ 200இல் ஒன்று. மிகக் குறைமாதத்தில் அந்தக் கீழ்ப்பகுதி உருவாகியே இருக்காது, மேலே நெடுக்காக வெட்ட நேரும். அப்படி வெட்டியிருந்தால் அடுத்த பிள்ளைக்கு வலி வரும் முன்பே சிசேரியன்தான். வெட்டு எதுவானாலும் அடுத்த கர்ப்பத்தில் இளங்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஸ்கானில் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வெட்டு என்பது நோய் நிர்ணய அட்டையில் இருக்கும். வீட்டுக்குப் போகும் முன் வைத்தியரிடம் கேட்டு, அட்டையில் அந்த வரியைக் காட்டச் சொல்லி, கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் கணவருக்கும் அனுப்பிவையுங்கள். அட்டை கறையானுக்குப் போய், ஆறு வருடம் கழித்து என்னிடம் வந்து "எனக்கு எப்படி வெட்டினார்கள் அக்கா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். தழும்பைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.